தொண்டு நிறுவனத்துக்கு வியூகத் திட்டம்: முதலில் எதை நிறுத்துவது?

கேள்வி: நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர். நிறுவனம் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. மாலை நேரப் படிப்பு மையம், வீட்டோடு முடங்கிய முதியோருக்கான பராமரிப்பு, தையல் பயிற்சி, இளைஞர்களுக்குக் கணினிப் பயிற்சி, மருத்துவ முகாம், மரம் நடுதல் என்று ஆறு திட்டங்கள் நடத்துகிறோம். முழுநேரப் பணியாளர்கள் 19 பேர். வருமானத்தில் முக்கால் பங்கு ஒரே அறக்கட்டளையிலிருந்து வருகிறது. அடுத்த கட்ட நிதிக்கு மூன்று மாதத்துக்குள் ஐந்தாண்டு ஸ்ட்ராட்டஜிக் பிளான் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆலோசகர் ஒருவரை வைத்து ஒன்று தயாரித்தோம். 64 பக்கம். அது பீரோவில் இருக்கிறது. எங்கள் நிறுவனர், “சேவைக்கு எதற்குத் திட்டம்? வாய்ப்பு வரும்போது செய்ய வேண்டியதுதான்” என்கிறார். பணியாளர்கள் “மறுபடியுமா?” என்கிறார்கள். நிர்வாகக் குழுவோ, “நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறோம்” என்கிறது. நான் எங்கே தொடங்குவது, மேடம்?

பதில்:

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஆறு திட்டங்களின் பெயர் இருக்கிறது, பணியாளர் எண்ணிக்கை இருக்கிறது, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்பதும் இருக்கிறது. இந்த ஆறில் எதை நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் இல்லை. அந்தக் கேள்வியைத் தொடாமல் எழுதப்படும் திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் பீரோவுக்குத்தான் போகும். பழைய 64 பக்கத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பார்க்காமலே சொல்கிறேன்: ஆறு திட்டங்களுமே ‘வலுப்படுத்தப்படும்’, ‘விரிவுபடுத்தப்படும்’, ‘புதிய பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்படும்’ என்று இருக்கும். யார் மனதும் நோகாது. ஆனால், எல்லாவற்றையும் செய்வோம் என்று எழுதிவிட்டால், நாளைக்கு ஒரு முடிவெடுக்கும்போது அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் வராது.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வையுங்கள். அறக்கட்டளை கேட்பது ஓர் ஆவணம். உங்களுக்குத் தேவைப்படுவது சில முடிவுகள். முடிவுகள் இருந்தால் ஆவணத்தை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஆவணம் இருப்பதால் முடிவுகள் தாமாக வந்துவிடாது. நிதி தருபவர்கள் கேட்கும் கட்டம் போட்ட படிவங்கள், குறிக்கோள், வெளியீடு, அளவுகோல், அனுமானம் என்று பத்திகள் பிரித்து வருமே, அந்த வகைச் சட்டகம் 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்டது. கொடுத்த பணம் ஒரு ப்ராஜெக்டில் என்ன செய்கிறது என்று கண்காணிக்க அது நல்ல கருவி. ஒரு நிறுவனம் எதற்காக இருக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பதை அதனிடம் கேட்க முடியாது. அதை நிரப்பி முடித்ததும் வியூகம் தயார் என்று நினைப்பதில்தான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் நோக்க வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதை அனுப்பவில்லை. ‘நலிந்தோர் வாழ்வை மேம்படுத்துதல்’ என்ற வகையில் ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் தையலும் அடங்கும், மரமும் அடங்கும், நாளைக்கு யாராவது நாட்டியப் பள்ளி தொடங்கச் சொன்னால் அதுவும் அடங்கும். எதையும் மறுக்க உதவாத நோக்கம் சுவரில் மாட்ட மட்டும்தான் பயன்படும்.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் உண்டு. 1938இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளைவாதத்துக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிற்பாடு ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற பெயரில் நிலைத்த அமைப்பு அது. 1955இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவிக்கப்பட்டது. நோக்கம் அவ்வளவு துல்லியமாக இருந்ததால், பெரிய வேலை முடிந்துவிட்டது என்பது அவர்களுக்கே தெரிந்தது. கையில் தன்னார்வலர் படையும், பணம் திரட்டும் அமைப்பும், மக்களின் நம்பிக்கையும் மிச்சம் இருந்தன. இனி என்ன செய்வது என்று விவாதித்து, 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பினார்கள். கலைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது தனி வாதம். ‘நம் வேலை முடிந்தால் அது நமக்குத் தெரியுமா?’ என்று உங்கள் குழுவைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் பதில் வராவிட்டால் நோக்க வாசகத்தைத் திருத்த வேண்டும். யாருக்காக, என்ன மாற்றம், எந்த எல்லைக்குள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வாசகத்தின் அழகுக்காக ஒரு நாளைச் செலவிடாதீர்கள். ‘அதிகாரமளித்தல்’ வேண்டுமா ‘மேம்பாடு’ வேண்டுமா என்ற சண்டையில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வேலை கணக்கு. உங்கள் நிலைமையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் முழுச் செலவு என்ன என்று போடுங்கள். ப்ரொபோசலில் எழுதிய செலவு வேண்டாம், உண்மையில் ஆகும் செலவு.

கணினிப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று ஒரு தனி ஃபண்டர் 100 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் சம்பளம், கணினிப் பராமரிப்பு, பாடப் பொருள்கள் எல்லாம் சேர்த்து 92 ஆகிறது. எட்டு மிச்சம், நல்ல திட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது உங்கள் நாட்குறிப்பைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தத் திட்டத்துக்குப் போகிறது. உங்கள் சம்பளத்தில் அந்தப் பங்கு 12. மாதக் கடைசியில் கணக்காளர் அந்த ஃபண்டருக்கான அறிக்கையோடு மல்லுக்கட்டுகிறார், அது 7. வாடகை, மின்சாரம், வண்டி ஆகியவற்றில் அதன் பங்கு 12. ஆக மொத்தம் 123. மிச்சம் எட்டு என்று நினைத்த திட்டம் 23 பள்ளத்தில் இருக்கிறது. இந்த 23 எங்கிருந்து வருகிறது? எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்த பொது நன்கொடையிலிருந்து. உங்கள் ஆறில் ஃபண்டர் கிடைக்கவே கிடைக்காத திட்டம் பெரும்பாலும் முதியோர் பராமரிப்பாகத்தான் இருக்கும். அதற்குப் போயிருக்க வேண்டிய பணம், ‘தன் காலில் நிற்பதாக’ எல்லோரும் நம்பும் கணினி வகுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஆறில் ஒன்றிரண்டாவது இப்படித் தலைகீழாகத் தெரியும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

நேரப் பங்கைத் துல்லியமாகப் போட வேண்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டாம். பணியாளர்கள் 19 பேரும் இரண்டு வாரம், எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் முடிவெடுக்கும் அளவுக்குத் தெளிவு வந்துவிடும்.

கணக்கு கையில் வந்ததும், ஒவ்வொரு திட்டமும் நம் நோக்கத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பேசிப் போடக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தர வேண்டும். நிறுவனர், நிர்வாகக் குழு, களப்பணியாளர், கணக்காளர், வண்டி ஓட்டுபவர் வரை எல்லோரும். பிறகு எல்லாத் தாள்களையும் ஒரே சுவரில் ஒட்டுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், எங்கே மதிப்பெண் பிளவுபடுகிறது என்று பாருங்கள். மருத்துவ முகாமுக்குக் குழுவினர் ஐந்தும் களப்பணியாளர்கள் இரண்டும் போட்டிருந்தால், அந்த இடைவெளியைப் பற்றிப் பேசத்தான் நீங்கள் கூட்டமே கூட்டியிருக்கிறீர்கள். முகாமில் கண்டுபிடித்த நோய்க்கு அப்புறம் யாருமே சிகிச்சை எடுப்பதில்லை என்று ஒரு களப்பணியாளர் சொல்லலாம். குழு உறுப்பினர்கள் அதுவரை வந்தவர்களின் தலை எண்ணிக்கையை மட்டுமே அறிக்கையில் படித்திருப்பார்கள்.

இங்கே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை நாம் விட்டுவிட்டால் வேறு யாராவது செய்வார்களா? மேலாண்மைப் பேராசிரியர் இயன் மாக்மில்லன் 1983இல் லாப நோக்கற்ற அமைப்புகளுக்காக ஒரு கட்டம் வகுத்தார். திட்டம் நம் நோக்கத்தோடு பொருந்துகிறதா, பணம் ஈர்க்குமா, நாம் அதில் வல்லவர்களா, வேறு அமைப்புகள் அதைச் செய்கின்றனவா என்ற கேள்விகளால் ஆன கட்டம். பொருத்தமும் திறமையும் இருந்து, பணமும் வராமல், வேறு யாரும் செய்யாமலும் இருக்கும் திட்டத்துக்கு அவர் ‘அமைப்பின் ஆன்மா’ என்று பெயர் வைத்தார். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. மற்ற திட்டங்களைச் சரிப்படுத்தி, அதைத் தாங்கும் வழியைத் தேடச் சொன்னார். உங்கள் முதியோர் பராமரிப்பு அந்தக் கட்டத்தில் விழலாம். மரம் நடுதல் விழாது என்று தைரியமாகச் சொல்வேன். அதைச் செய்ய வேறு பலர் இருக்கிறார்கள், உங்கள் 19 பேரில் அதற்கென்று தேர்ச்சி பெற்றவர் யாரும் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை.

இந்த வேலைக்கு நடுவில் யாராவது ஸ்வாட் போடலாம் என்று சொல்வார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். போடலாம், தப்பில்லை. ஆனால் பலத்தில் ‘அர்ப்பணிப்புள்ள பணியாளர்கள்’, பலவீனத்தில் ‘போதிய நிதி இல்லை’ என்று எழுதினால் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் ஒட்டக்கூடிய வரிகள் அவை.

அதைவிடப் பயனுள்ள ஒன்று: உங்களிடம் வருவதை நிறுத்தியவர்களைப் போய்ப் பாருங்கள். வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டால் நன்றிதான் சொல்வார்கள். படிப்பு மையத்துக்கு ஆறு மாதம் வந்துவிட்டு நின்றுபோன பிள்ளைகளின் வீடுகள், தையல் கற்றுக்கொண்டு மெஷினைத் தொடாத பெண்கள், பாதியில் போன பணியாளர்கள். பத்துப் பதினைந்து வீடுகள் போதும். நீங்களும் ஒரு குழு உறுப்பினரும் சேர்ந்து போங்கள். உறுப்பினரைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். அவர் காதால் கேட்டுவிட்டால் ‘நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று மறுபடியும் சொல்ல மாட்டார்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திட்டத்தை நீங்கள் தனியாக எழுதிக் கையெழுத்துக்கு நீட்டக் கூடாது. ஒரு திட்டத்தை நிறுத்துவது, ஒரு ஃபண்டரிடம் வேண்டாம் என்பது, சேமிப்பைக் கரைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பில் வரும் முடிவுகள். நாளைக்கு மரம் நடும் விழாவுக்கு வழக்கமாக வரும் பெரிய மனிதர் கோபித்துக்கொண்டால், ‘செயலாளர்தான் நிறுத்திவிட்டார்’ என்ற பழி உங்கள் தலையில் விழும். குழுவின் நேரத்தைக் குறைவாகக் கேளுங்கள், ஆனால் முடிவுக்கென்றே கேளுங்கள். கணக்கும் மதிப்பெண்ணும் தயாரான பிறகு ஒரு முழு நாள். ஒரு மாதம் கழித்து, வரைவை வைத்து அரை நாள்.

பணியாளர்களின் ‘மறுபடியுமா?’வில் நியாயம் இருக்கிறது. போன முறை அவர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, வந்த கருத்து என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முறை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: எதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்கிறோம், எதைக் குழுதான் முடிவு செய்யும், எந்தத் தேதியில் தெரியும். வேலை போகுமா என்ற பயமும் அதற்குள் இருக்கும். போகாது என்று வாக்குக் கொடுக்க முடியாத நிலையில் கொடுக்காதீர்கள். ஒரு திட்டம் நின்றால் அதில் இருப்பவர்களுக்கு என்ன வழி என்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

இனி உங்கள் நிறுவனர். அவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு மேலாண்மை அறிஞர் 1985இல் ஜேம்ஸ் வாட்டர்ஸோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், திட்டமிட்டு வரும் வியூகத்தையும் நடைமுறையில் தானாக உருவாகிவரும் வியூகத்தையும் பிரித்துக் காட்டினார். உங்கள் ஆறு திட்டங்களில் எவை திட்டம் போட்டு வந்தவை, எவை ஒரு வாய்ப்பைப் பிடித்துக்கொண்டதால் வந்தவை என்று அவரையே பட்டியல் போடச் சொல்லுங்கள். இன்று நன்றாக நடக்கும் ஒன்று வாய்ப்பால் வந்ததாக இருக்கலாம். அவர் கண்ணுக்கு அந்தக் கூர்மை உண்டு, சந்தேகமில்லை. பிரச்சினை, அவர் தொடங்குவதை முடித்துவைக்கும் ஆள் யாரும் இல்லை என்பது. அதனால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்: ஆண்டுச் செலவில் ஒரு சிறு பங்கு, ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், புதிய முயற்சிகளுக்கு. எந்த முயற்சியும் ஓர் ஆண்டு ஓடும்; ஆண்டு முடிவில் தொடர்வதா நிறுத்துவதா என்று குழு முடிவு செய்யும்; தொடர்ந்தால் பழையதில் ஒன்று இடம் விட வேண்டும். இந்த ஏற்பாட்டை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் உங்கள் பாதி வேலை முடிந்தது. அவரிடம் தனியாக, முன்கூட்டியே பேசுங்கள். கூட்டத்தில் வைத்து முதல்முறையாகச் சொன்னால் பதினான்கு ஆண்டு உழைப்பை எடைபோடுகிறார்கள் என்றுதான் அவர் காதில் விழும்.

அளவுகோல் பற்றி ஒரே ஒரு விஷயம். குடிதண்ணீர் வழியாக உடலுக்குள் போகும் புழுவால் வருவது கினிப் புழு நோய். அதை ஒழிக்கும் முயற்சியை, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய தொண்டு அமைப்பான கார்ட்டர் சென்டர் கையில் எடுத்த 1986இல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய் இருந்தது. தடுப்பூசி இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. தண்ணீரை வடிகட்டச் சொல்வதும், நோயாளி குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும்தான் வழி. 2023இல் மனிதர்களிடம் பதிவானது 14. எத்தனை வடிகட்டித் துணி கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்பதும் அவர்கள் கணக்கில் இருந்திருக்கும். ஆனால் வெற்றியை அளந்தது, எத்தனை பேருக்குப் புழு வந்தது என்ற எண்ணால். உங்கள் திட்டம் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரே ஓர் எண்ணைத் தேடுங்கள். படிப்பு மையத்துக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பது வேண்டாம். சேரும்போது வாசிக்கத் தெரியாத எத்தனை பிள்ளைகள் ஓர் ஆண்டில் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். முதியோர் பராமரிப்புக்கு இப்படி எளிதில் கிடைக்காது. அங்கே படுக்கைப் புண் இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது போன்ற எண் ஓரளவு நேர்மையாக இருக்கும்.

முக்கால் பங்கு பணம் ஒரே இடத்திலிருந்து வருவது ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். ‘நிதி ஆதாரங்களைப் பன்முகப்படுத்துவோம்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அந்த அறக்கட்டளை பாதியாகக் குறைத்தால் எந்தத் திட்டம் முதலில் நிற்கும், முழுவதும் நிறுத்தினால் எதை மட்டும் காப்பாற்றுவோம் என்று இப்போதே, பதற்றம் இல்லாத நேரத்தில், எழுதி வையுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். உங்களிடம் ஒரு மாதத்துக்குத்தான் இருந்தால் ஆறுக்கு ஆசைப்படாமல் மூன்றை எட்டும் வழியைத் திட்டத்தில் போடுங்கள்.

ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், திசையை ஐந்தாண்டுக்கும், வேலையை ஓர் ஆண்டுக்கும் எழுதுங்கள். நான்காம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் என்ன செய்வீர்கள் என்று எழுதுவது ஜோசியம். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாராளம். அதிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, என்ன செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், எந்த அனுமானங்களை நம்பியிருக்கிறோம் என்று போட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை குழுக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தில் மேஜையில் வையுங்கள். கணக்கு, கட்டடம், விழா எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்ற விட்டுவிட்டால் திட்டம் மறுபடியும் பீரோவுக்குப் போய்விடும்.

நிறுத்த முடிவு செய்த திட்டத்தை மரியாதையாக நிறுத்துங்கள். அதில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், செய்தி வேறு வழியில் போய்ச் சேரக் கூடாது. நடக்கும் பயிற்சிக் குழு முடியும்வரை ஓட்டுங்கள். வேறு அமைப்பிடம் ஒப்படைக்க முடிந்தால் மெஷினோடும் பதிவேடுகளோடும் ஒப்படையுங்கள்.

ஆலோசகர் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். எழுதுவதற்குத் தேவையில்லை. அந்த ஒரு முழு நாள் கூட்டத்தை நடத்த வெளியாள் ஒருவர் இருந்தால் நல்லது, ஏனென்றால் நிறுவனர் பேசும்போது ‘ஐயா, நேரம் ஆகிறது’ என்று உங்களால் சொல்ல முடியாது.

கடைசியாக, மூன்று மாதம் போதாது. கணக்கும் வீட்டுக்கு வீடு போவதும் மட்டுமே இரண்டு மாதம் எடுக்கும். அறக்கட்டளைக்கு இந்த வாரமே எழுதுங்கள். திட்டங்களை முழுச் செலவோடு மறுபரிசீலனை செய்கிறோம், ஆறும் அப்படியே தொடராது, அதனால் ஆறு மாத அவகாசமும், இடைப்பட்ட காலத்துக்கு நடப்பு நிதியின் நீட்டிப்பும் வேண்டும் என்று கேளுங்கள். இந்தப் பணிக்கே ஒரு சிறு தொகை தர முடியுமா என்றும் கேட்கலாம்; சில அறக்கட்டளைகள் தருகின்றன. மறுத்தால், மூன்றாம் மாத முடிவில் நோக்கமும் முழுச் செலவுக் கணக்கும் அடங்கிய இடைக்கால வரைவைக் கொடுத்துவிட்டு, குழுவின் முடிவுகள் எந்தத் தேதியில் வரும் என்பதை அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.